இரையும் கம்பிக்கு ஒரு மில்லிமீட்டர்

மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் எனக்கு மோட்டார்சைக்கிள் பட்டறை. பகலெல்லாம் கப்சாய் என்கிற சின்ன பைக்குகளுக்கு டேப்பட் சந்து வைப்பதும் செயின் மாற்றுவதும்தான் வேலை. இரவு எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, கையில் இருக்கும் எண்ணெய் போகத் தேய்த்துக் கழுவிவிட்டு, பின்னால் இருக்கும் மேசையில் கித்தார் பார்ப்பேன். இரண்டு வேலைக்கும் சந்தை அளக்க ஒரே ஃபீலர் கேஜ்தான், மெல்லிய அளவுத் தகடுகளின் கட்டு.

போன மாதம் எல்பில் தோட்டத்திலிருந்து ஒரு பையன் வந்தான். நாலு மணி மழை பிடித்துக்கொண்ட நேரம். கூட்டாளி பைக் ஓட்ட, இவன் பின்னால் உட்கார்ந்து கித்தாரை மழைக்கோட்டால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தான். கோயில் பஜனையில் வாசிக்கிறவன். “அங்கிள், எந்தக் கம்பியத் தட்டினாலும் ஜிர்ருனு இரையுது. சேடலக் கொஞ்சம் தூக்கி வச்சுக் குடுங்க” என்றான். அவன் கேட்டது சரியான வேலைதான். ஆனால் அது சரிதான் என்று நான் உறுதிசெய்துகொள்ள அரை மணி நேரம் பிடித்தது. அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். சேடலைக் கழற்றி உயர்த்துவது பெரிய வித்தை இல்லை. ஆனால் இரைச்சல் வேறு இடத்தில் பிறந்திருந்தால், சேடலை எவ்வளவு தூக்கினாலும் விரல் வலிதான் கூடும், சத்தம் போகாது.

சேடல் என்றால் எது என்று தெரியாதவர்களுக்கு: கித்தார் உடம்பின் மேல், கம்பிகள் வந்து முடியும் கட்டைக்குப் பெயர் பிரிட்ஜ். அந்தக் கட்டையில் வெட்டிய பள்ளத்தில் நிற்கும் வெள்ளைப் பட்டைதான் சேடல். எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ செய்திருப்பார்கள். மறுமுனையில், தலைப் பக்கத்தில் இதேபோல் இருக்கும் சிறிய பட்டை நட். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கம்பி அதிர்கிறது. கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோகக் கட்டைகள்தான் ஃப்ரெட். அதிரும் கம்பி கீழே உள்ள ஏதாவது ஒரு ஃப்ரெட்டில் உரசினால் ஜிர்ரென்று கேட்கும்.

முதலில் சுருதி சேருங்கள். கைபேசியில் ட்யூனர் போதும். அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கி வைத்துப் பாடுகிறவர்கள் நிறைய. கம்பி தளர்ந்தால் வீச்சு பெரிதாகி உரசத்தான் செய்யும். கம்பியின் தடிமனையும் கேளுங்கள். செட்டுக்கு அதன் மெல்லிய முதல் கம்பியின் தடிமன்தான் பெயர். முன்பு 0.012 அங்குல செட் போட்டிருந்த கித்தாரில் விரலுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று 0.010 செட் மாட்டினால், இழுவை குறைந்து கழுத்து பின்னால் சாயும். மெல்லிய கம்பிக்கு அசைவும் அதிகம். 0.012 செட்டில் ஆறு கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ இழுவை இழுக்கின்றன. அந்த இழுவைக்கு ஏற்றபடிதான் கழுத்தும் மேல்பலகையும் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, கித்தாரை மடியில் வைத்து ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி நிதானமாகத் தட்டிக்கொண்டு போங்கள். இரையும் இடத்தில் ஒரு சின்னத் துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். முடிந்ததும் டேப் துண்டுகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். எதையும் அழுத்தாமல் வெறும் கம்பியாகத் தட்டும்போது மட்டும் இரைந்து, அழுத்தினால் நின்றுவிடுகிறதா? நட்டைச் சந்தேகப்படுங்கள். இரண்டாம் மூன்றாம் ஃப்ரெட்டுக்கு நடுவில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேலே பாருங்கள். தலைமுடி போகும் அளவுக்காவது சந்து இருக்க வேண்டும். கம்பி ஃப்ரெட்டிலேயே படுத்திருந்தால் நட்டின் பள்ளம் தேய்ந்துவிட்டது. சேடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் இரைச்சல் என்றால், அதற்கு அடுத்த ஃப்ரெட் மேலே எழும்பியிருக்கலாம். பழைய வங்கி அட்டையின் நேரான விளிம்பை மூன்று ஃப்ரெட்டுகள் மேல் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். டக் டக்கென்று ஆடினால் நடு ஃப்ரெட் உயரம். அதையும் சேடலால் சரிசெய்ய முடியாது.

முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் மட்டும் இரைந்தால் கழுத்தைப் பாருங்கள். கித்தார் கழுத்து ரூல்கம்பு மாதிரி நேராக இருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவு முன்பக்கம் வளைந்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் தடித்த ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காவது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப், மாட்டினால் ஒரு கை மிச்சமாகும். இப்போது ஏழாவது ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு சந்து என்று பாருங்கள். 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இருந்தால் நல்லது. ஃபீலர் கேஜ் இல்லாதவர்களுக்கு வீட்டிலேயே அளவுகோல் இருக்கிறது: ஃபோட்டோஸ்டேட் எடுக்கும் 80 கிராம் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ., 0.012 அங்குல செட்டின் முதல் கம்பியிலிருந்து வெட்டிப்போட்ட துண்டு 0.3 மி.மீ. தாள் நுழைந்து, கம்பித் துண்டு இடித்தால் கழுத்து சரியாக இருக்கிறது. தாளே நுழையாவிட்டால் கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை இடப்பக்கம், அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக, கால் சுற்று தளர்த்துங்கள். ஒரே நாளில் அதற்கு மேல் வேண்டாம். ஓர் இரவு விட்டு மறுபடி அளங்கள். இந்த வேலையைச் சேடலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கழுத்து மாறினால் கம்பியின் உயரமும் மாறும். பிறகு சேடலுக்கு எடுத்த அளவு வீணாகும்.

இதற்கு நடுவே ஒரு சுற்று, கம்பியை முறுக்கும் சாவிகளின் மரை நட்டுகளையும் ஸ்ட்ராப் குமிழையும் விரலால் தொட்டு ஆட்டிப் பாருங்கள். தளர்ந்த சாவி நட்டும் அதே ஜிர் சத்தத்தைத்தான் தரும். பிரிட்ஜின் பின்விளிம்பில் தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது, அந்தக் கித்தாரைக் கம்பி தளர்த்தி வைத்துவிட்டு அதற்கான ஆளிடம் கொண்டுபோங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த கித்தார்கள் பலவற்றை இந்த நிலையில் பார்த்திருக்கிறேன்.

பையனின் கித்தாருக்கு வருவோம். டேப் துண்டுகள் ஓர் இடத்தில் இல்லை. மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டு தாண்டியும் எல்லாக் கம்பியிலும் பரவியிருந்தன. தடித்த கம்பிகளில் அதிகம். கழுத்தின் சந்து 0.2 மி.மீ. நட் சரி. அப்படியானால் கம்பி மொத்தமாகத் தாழ்ந்திருக்கிறது. இரும்பு ரூலரைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் தலையில் நிறுத்தி, கம்பியின் அடிப்பக்கம் வரை அளந்தேன். ஆறாம் கம்பி 1.9 மி.மீ., முதல் கம்பி 1.4 மி.மீ. சாதாரணமாக ஆறாம் கம்பிக்கு 2.4 அல்லது 2.5, முதல் கம்பிக்கு 1.8 அல்லது 2 வைப்போம். மெதுவாக விரலால் மீட்டுகிறவர் என்றால் இன்னும் தாழ்வாக வைக்கலாம். இவன் உறுமிச் சத்தத்துக்கும் கஞ்சிராவுக்கும் நடுவில் பிக்கால் ஓங்கி அடிக்கிறவன். அவனுக்கு இடம் வேண்டும்.

ஏன் தாழ்ந்தது என்று கேட்காமல் நான் எதிலும் கை வைப்பதில்லை. நம் நாட்டுக் காற்று ஈரம். கித்தாரின் மேல்பலகை மூன்று மி.மீ. கூட இல்லாத மெல்லிய மரம். ஈரத்தை உறிஞ்சி ஊதும். ஊதினால் பிரிட்ஜும் கம்பியும் சேர்ந்து மேலே வரும். அதனால் லயத்து வீட்டில் ஐந்தாறு வருடம் ஆணியில் தொங்கிய கித்தார் உயரமாகத்தான் போகும், தாழாது. கம்பி தாழ்ந்து இரைகிறது என்றால் யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். கேட்டேன். விரல் வலிக்கிறது என்று, கைபேசியில் வீடியோ பார்த்து, அவனே சேடலின் அடியைத் தேய்த்திருக்கிறான். அப்போது நன்றாகத்தான் இருந்ததாம். பிறகு ஈப்போவில் அக்கா வீட்டில் தங்கிப் படிக்கப் போயிருக்கிறான். அறையில் இரவெல்லாம் ஏர்கோன். ஏர்கோன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். ஊதியிருந்த பலகை மெல்ல இறங்கும். கம்பியும் கூடவே இறங்கும். பலகை ஊதியிருந்த நாளில் அளவு பார்த்துத் தேய்த்தது, அது இறங்கிய பிறகு குறையாகத் தெரிந்தது. இப்படி இடம் மாறிய கித்தாரை இரண்டு வாரமாவது புது இடத்தில் வைத்திருந்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். இவனுடையது மூன்று மாதமாக அங்கேதான் இருந்தது.

இனி கணக்கு. எத்தனை பேருக்குச் சொன்னாலும் இதைத்தான் மறக்கிறார்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட், நட்டுக்கும் சேடலுக்கும் சரிபாதியில் இருக்கிறது. ஏணியின் ஒரு முனையை ஓர் அடி தூக்கினால் நடுப்படி அரை அடிதான் எழும்பும். அதுபோல் சேடலை 1 மி.மீ. உயர்த்தினால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 0.5 மி.மீ.தான் கூடும். வேண்டிய உயரத்தில் இருக்கும் உயரத்தைக் கழித்து, இரண்டால் பெருக்குங்கள். ஆறாம் கம்பிக்கு 2.4 வேண்டும், 1.9 இருக்கிறது, குறைவது 0.5, சேடலில் 1 மி.மீ. முதல் கம்பிக்கு 1.8 வேண்டும், 1.4 இருக்கிறது, குறைவது 0.4, சேடலில் 0.8 மி.மீ.

கழற்றும் முறை: கம்பிகளை நன்றாகத் தளர்த்திவிட்டு முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டுங்கள். அப்போது தலைப் பக்கம் சுற்றிய கம்பி அவிழாமல் நிற்கும். பிரிட்ஜில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பின்களை எடுத்துக் கம்பியின் முனைகளை வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். சேடலில் தடித்த கம்பிப் பக்கம் எது என்று முதலில் பென்சிலால் குறியுங்கள். திருப்பி வைத்தால் சுருதி கெடும். பிறகு ஒரு துண்டுத் துணியைச் சுற்றி, பிளையரால் பிடித்து, நேராக மேலே தூக்குங்கள். ஆட்டி ஆட்டி இழுக்காதீர்கள். வரவில்லையென்றால் உள்ளே பசை இருக்கும். அதைப் பலவந்தம் செய்தால் பள்ளத்தின் ஓரம் பிளந்துகொள்ளும்.

இப்போது அடியில் வைக்கும் துண்டு. பழைய வங்கி அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. பள்ளத்தின் நீளத்துக்கும் அகலத்துக்கும் அப்படியே பொருந்துமாறு ஒரு துண்டு வெட்டிப் போட்டேன். அதற்கு மேல் தாள் இரண்டு அடுக்கு. மொத்தம் கிட்டத்தட்ட 0.96. சேடலைத் திரும்ப வைத்து, கம்பி மாட்டி, சுருதி சேர்த்து அளந்தால் ஆறாம் கம்பி 2.4 தொட்டது. பையனிடம் கொடுத்து பஜனையில் அடிக்கிற மாதிரியே அடிக்கச் சொன்னேன். இரைச்சல் இல்லை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அதற்காகத்தான் இந்த வேலை செய்கிறேன்.

துண்டு பள்ளம் முழுவதையும் நிரப்ப வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதை நான் விலை கொடுத்துக் கற்றேன். எனக்குப் பதினாறு வயதில் அப்பா கபோக் என்ற பிராண்டு கித்தார் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் தோட்டத்து வீடுகளில் தொங்கியதெல்லாம் பெரும்பாலும் அதுதான். பால் வெட்டிய காசைச் சேர்த்து வாங்கியது. நானும் இந்தப் பையன் போலவே சேடலை லயத்துச் சிமெண்டுத் தரையில் தேய்த்து, தாழ்த்தி, இரைய விட்டேன். பிறகு தடித்த கம்பிப் பக்கம் மட்டும் ஒரு தீக்குச்சியைச் செருகினேன். சேடல் அந்தக் குச்சியின் மேல் ஒற்றைக் காலில் நின்றது. கம்பியின் இழுவையில் முன்பக்கம் சாய்ந்து, ஒரு வாரத்தில் பிரிட்ஜின் பள்ளம் நெடுக விரிசல். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு இன்றைக்கும் அது மனதில் நிற்கிறது.

ஆகவே துண்டு அடிமுழுதும் படிய வேண்டும், சேடல் ஆடக் கூடாது. சேடலில் பாதியாவது பள்ளத்துக்குள் இருக்க வேண்டும். வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் சாயும். ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு வேண்டுமென்றால் மெல்லிய கடினமரச் சீவலை ஒரு முனையில் சற்றுத் தேய்த்துச் சரிவாக்கி வைக்கலாம். பிளாஸ்டிக்கை விட மரச்சீவல் சத்தத்தை நன்றாகக் கடத்தும் என்பது என் காதுக்குத் தெரிந்தது. ஆம்ப்பில் சொருகும் கித்தாராக இருந்து, சேடலுக்கு அடியில் பிக்கப் பட்டை ஓடினால், பட்டைக்கும் சேடலுக்கும் நடுவில் எதையும் வைக்காதீர்கள். ஒரு கம்பி கத்தும், இன்னொன்று முனகும். அந்தக் கித்தாருக்குப் புதுச் சேடல்தான் வழி.

பையனுக்கும் கடைசியில் புதுச் சேடலே செய்தேன். வங்கி அட்டை சோதனைக்குத்தான். சோதித்த பிறகு, எவ்வளவு உயரம் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. சேடல் செய்ய எலும்புக்கட்டி நல்லது. ஆனால் அது பெரும்பாலும் மாட்டெலும்பு. கோயிலில் வாசிக்கும் கித்தார் என்றால் நான் முன்கூட்டியே கேட்டுவிடுவேன். சிலருக்கு அது மனதை உறுத்தும். உறுத்தினால் டஸ்க் என்ற செயற்கைப் பொருளில் செய்த சேடல் கிடைக்கிறது. சத்தத்தில் குறை சொல்ல முடியாது. பையன் வீட்டில் கேட்டுவிட்டு டஸ்க் என்றான்.

பழைய சேடலைப் புதியதன் பக்கத்தில் படுக்க வைத்து, மேல் வளைவை அப்படியே பென்சிலால் வரைந்தேன். தடித்த பக்கம் 1 மி.மீ., மெல்லிய பக்கம் 0.8 மி.மீ. கூட்டி. வளைவு ஃப்ரெட் பலகையின் வளைவோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் நடுக் கம்பிகள் தாழ்ந்து மறுபடி இரையும். மிச்சமிருக்கும் உயரத்தை அடியில்தான் தேய்த்துக் குறைக்க வேண்டும். கண்ணாடித் தட்டின் மேல் 120 நம்பர் மணல்தாளை ஒட்டி, சேடலின் அடிப்பக்கம் முழுவதும் பென்சிலால் கிறுக்கிவிட்டு, நிமிர்த்திப் பிடித்து நேராக இழுங்கள். நாலு இழுப்புக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பென்சில் கறுப்பு ஒரு ஓரத்தில் மட்டும் நிற்கிறதா, நீங்கள் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். எல்லா இடத்திலும் ஒன்றாக மறைந்தால் அடி தட்டையாக இருக்கிறது. இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். குறியிட்ட கோட்டுக்கு ஒரு முடி மேலேயே நிறுத்தி, மாட்டி, அளந்து, மறுபடி கழற்றித் தேயுங்கள். எலும்பாக இருந்தால் மூக்குக்கு முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

உயரம் சரியாக இருந்தும் சில சேடல்கள் இரையும். அதை இங்கே சொல்லிவிடுகிறேன். தம்புராவின் பிரிட்ஜைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் மேற்பரப்பு அகலமாக, மெல்லிய சரிவோடு இருக்கும். கம்பிக்கு அடியில் ஜீவா என்று ஒரு நூலைச் செருகி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கம்பி பரப்பில் பட்டும் படாமலும் உரச வைப்பார்கள். அந்த உரசலில்தான் தம்புராவின் ரீங்காரம் பிறக்கிறது. தம்புராவுக்கு அது உயிர். கித்தார் சேடலின் தலை தட்டையாகத் தேய்ந்துவிட்டாலோ, கம்பி அறுத்த பள்ளம் விழுந்திருந்தாலோ, அதே சங்கதி வேண்டாத இடத்தில் நடக்கிறது. எந்த ஃப்ரெட்டில் அழுத்தினாலும், அழுத்தாவிட்டாலும், ஒரே மாதிரி ரீங்காரம். அதற்கு உயர்த்த வேண்டியதில்லை. சேடலின் தலையை வட்டமாக்கி, கம்பி ஒரே கோட்டில், துல்லியமான ஓர் உச்சியிலிருந்து புறப்படும்படி 400 நம்பர் தாளில் நயமாக இழைத்தால் போதும். இரண்டாம் கம்பிக்கு மட்டும் அந்த உச்சி கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். அது சுருதிக்காக வைத்தது, நிரவிவிடாதீர்கள்.

புதுச் சேடல் ஏறி, கம்பி மாட்டி, பின்களை அழுத்தும்போது ஒவ்வொரு கம்பியையும் மேலே ஒரு இழு இழுத்துப் பாருங்கள். முனைக்குண்டு உள்ளே பலகையில் போய்ப் பிடித்திருக்க வேண்டும். பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரமும் அதே இடத்தில் விரல் தொட்டு எழுப்பும் மணிச்சத்தமும் ட்யூனரில் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தியது சற்றே ஏறித் தெரிந்தால் கம்பி தேவைக்கு மேல் உயரமாக இருக்கலாம்.

பையன் வெள்ளிக்கிழமை பஜனைக்கு முன் வந்து எடுத்துப்போனான். அவன் தேய்த்த பழைய சேடலை நான் குப்பையில் போடவில்லை. ஒரு சிறு கடித உறைக்குள் வைத்து, உறையின் மேல் தேதியும் “பழையது 1.9 – 1.4, புதியது 2.4 – 1.8, ஈப்போ, ஏர்கோன் அறை” என்றும் எழுதி, கித்தார் பையின் முன் அறையில் போட்டுக் கொடுத்தேன். படிப்பு முடிந்து அவன் தோட்டத்துக்கே திரும்பி, மேல்பலகை மறுபடி ஊதினால், கித்தாரைப் பார்க்கிறவருக்கு அந்த உறை வேண்டியிருக்கும்.